அரக்கு வைத்த பூட்டு

உலகத்தில் நிரந்தரமானது எது என்று கேட்டால் சிலர் கடவுள் என்பார்கள், சிலர் கடன் என்பார்கள். லென்ஸைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: இடைக்கால உத்தரவு.

அவள் வக்கீலாக இருந்த காலத்தில் வாங்கிக் கொடுத்த இடைக்கால உத்தரவுகள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு வியாபாரிகள் ஒரு சரக்குக்காக அடித்துக்கொள்வார்கள். "வழக்கு முடியும்வரை சரக்கை யாரும் தொடக் கூடாது, உள்ளது உள்ளபடி இருக்கட்டும்" என்று நீதிமன்றம் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அப்புறம் வழக்கு தூங்கப் போய்விடும். உத்தரவு மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு காவல் இருக்கும். சரக்கு வெங்காயமாக இருந்தால் அது பாட்டுக்கு முளைத்து, அழுகி, மண்ணாகிப் போகும். உத்தரவு வாடாது.

அவள் வீட்டிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என்றோ ஒரு சண்டையில் கணவர் தன் தலையணையை ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போனார். "கொஞ்ச நாளைக்கு" என்றார். தலையணை இன்னும் ஹாலில்தான். இப்போது அதற்குத் துணையாக ஒரு மேசை விளக்கும் குட்டி ஃபேனும் வந்துவிட்டன. மேல்முறையீடும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

வக்கீல் தொழிலை விட்டதற்கு, கோர்ட் படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில், ஜெயிப்பதைவிட என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதில்தான் தனக்கு ருசி என்று ஒரு நாள் கண்டுகொண்டாள். வக்கீலுக்கு ஆகாத வியாதி அது. துப்பறிய வந்துவிட்டாள். சோடா பாட்டில் கண்ணாடி போட்டிருந்ததால் கோர்ட் வட்டாரம் அவளுக்கு "லென்ஸ்" என்று பெயர் வைத்தது.

ஆபீஸ், கோர்ட்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. கீழே இயந்திரங்கள் ஓட ஓட மேலே தரை சுடும். மழை நாளில் சுகம். மற்ற நாளில் தோசைக்கல்.

உதவியாளர் ஓய்வு பெற்ற கோர்ட் டவாலி. நீதிமன்ற வாசலில் நின்று ஆட்களை மும்முறை கூவி அழைப்பது அவர் பார்த்த உத்தியோகம். வேலையை விட்ட பிறகும் குரல் அவரை விடவில்லை. அந்தத் தொண்டைக்கு ஒரே சத்தம்தான், ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ரகசியம் பேசத் தெரியாத ஆளைத் துப்பறியும் வேலைக்கு வைத்துக்கொள்வது, தண்ணீரைக் கண்டால் மயங்கி விழுகிறவனைத் தீயணைப்புப் படையில் சேர்ப்பது போல. ஆனால் கோர்ட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் யார் டீ குடிப்பார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

அன்று முற்பகல் மாடிப்படியில் ஒரு பெண்ணின் செருப்புச் சத்தம் ஆவேசமாக ஏறி வந்தது.

"கட்சிக்காரங்க வர்றாங்க மேடம்!" என்றார் டவாலி. ஜெராக்ஸ் கடையில் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வந்தவள் இரும்புச் சாமான் கடை நடத்துகிறவள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் "கடைக்கார அக்கா". ஐம்பதை ஒட்டிய வயது. முகத்தில் அழுகையும் கோபமும் யார் முதலில் வெளியே வருவது என்று தள்ளிக்கொண்டிருந்தன.

"என் தம்பி என்னை ஊர் சிரிக்க வச்சுட்டான்" என்றாள் உட்காருவதற்கு முன்பே.

"உட்காருங்கக்கா. சிரிக்கிற ஊரு எங்கயும் போயிடாது" என்றார் டவாலி. "தம்பி என்ன பண்றாரு?"

"பூட்டு பண்றான்."

தம்பிக்குப் பூட்டுத் தொழிற்சாலை. அவன் செய்வான், அக்கா விற்பாள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கடைசியாக வந்த சரக்கில்தான் வினை. இரண்டு பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் அக்காவிடம் ஆளுக்கொரு பூட்டு வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் காலை ஒருவர் தூக்கக் கலக்கத்தில் அடுத்தவர் கடைப் பூட்டில் தன் சாவியைப் போட்டிருக்கிறார். சமத்தாகத் திறந்துகொண்டது. அக்கா கடைக்கு வந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். சாவி வெட்டும் மெஷின் கோளாறு போல. அந்தச் சரக்கில் எந்தச் சாவியும் எந்தப் பூட்டையும் திறந்தது.

"ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். 'எல்லாம் கோளாறு, நல்ல சரக்கா மாத்திக் குடுடா'ன்னேன். என் பூட்டையா குத்தம் சொல்றன்னு குதிச்சான். வாங்கின சரக்குக்குக் காசு குடுக்காம இருக்க நான் கதை கட்டறேனாம். கேஸ் போட்டுட்டான்."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்றார் டவாலி.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் லென்ஸ். "சரக்கு இப்ப எங்க?"

"என் கோடவுன்ல. இடைக்கால உத்தரவு வாங்கினேன். ஆராய்ஞ்சு பார்க்கறவரைக்கும் யாரும் தொடக் கூடாது, உள்ளது உள்ளபடி இருக்கணும்னு. கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பி கதவைப் பூட்டி அரக்கு வச்சாங்க."

"போலீஸ் கமிஷனர் இல்ல" என்று டவாலி விளக்கினார், கேட்காமலே. "கோர்ட் தனக்குப் பதிலா போய் பார்த்துட்டு வரச் சொல்ற சின்ன வக்கீல். பேரு பெருசு, பை சின்னது."

இன்று காலை அந்தக் கமிஷனர் வந்து, எல்லோர் முன்னாலும் அரக்கை உடைத்து, கோடவுனைத் திறந்திருக்கிறார். பெட்டிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்துச் சோதித்தார். ஒவ்வொரு பூட்டும் தன் சாவிக்கு மட்டுமே மசிந்தது. பத்தினிப் பூட்டுகள். தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாத்திட்டான் மேடம். எப்படியோ உள்ள பூந்து மாத்திட்டான். ஆனா அரக்கு உடையல. நானே பார்த்தேன். மதியம் கோர்ட் கூடினதும் கமிஷனர் ரிப்போர்ட் குடுத்துடுவார். அப்புறம் நான்தான் பொய்க்காரி. சொந்தத் தம்பி மேல அபாண்டம் போட்டவ. எங்க தெருவுல அதுக்கப்புறம் ஒரு ஆணிகூட என்கிட்ட யாரும் நம்பி வாங்க மாட்டாங்க."

"அந்தக் கடைக்காரங்க திருப்பிக் குடுத்த பூட்டு உங்ககிட்ட இருக்குமே?" என்று கேட்டாள் லென்ஸ்.

"அதைக் காட்டினோம். நானே அரத்தை வச்சுத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன்னு அவன் வக்கீல் சொல்லிட்டார். அரக்கு வச்ச சரக்கு மட்டும்தான் சாட்சியாம்."

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி இல்லாதபோது எதிரில் இருப்பவரின் முகம் கலைந்து வெறும் நிறமாகிவிடும். குரல் மட்டும் மிஞ்சும். பொய்யைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது சுலபம் என்பது அவள் அனுபவம். இந்தக் குரலில் பொய் இல்லை. ஆனால் எங்கோ ஒன்று விழுங்கப்பட்டிருந்தது.

"இன்னைக்குக் காலையில கதவு திறந்தப்ப, வழக்கத்துக்கு மாறா ஏதாவது பட்டுச்சா? சும்மா சொல்லுங்க, அற்பமா இருந்தாலும் பரவாயில்ல."

அக்கா யோசித்தாள். "கதவு அழல."

"என்னது?"

"அந்த இரும்புக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒப்பாரி வைக்கும் மேடம். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். கமிஷனர் பூட்டின அன்னைக்குக்கூட அவர் காதைப் பொத்திக்கிட்டார். இன்னைக்கு வெண்ணெய் மாதிரி திறந்துச்சு."

"கிளம்புங்க" என்றாள் லென்ஸ்.

கோடவுன் நடந்து போகும் தூரம். தகரக் கூரை, ஒற்றை இரும்புக் கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. பக்கத்தில் மரக்கடை, காற்றில் தூள் பறந்துகொண்டிருந்தது. கதவில் மறுபடியும் பூட்டுத் தொங்கியது, அதன் சாவித் துளைமேல் துணி சுற்றி, புதிய அரக்கு, புதிய முத்திரை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் மரியாதையாக அந்த முத்திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

லென்ஸ் அதைப் பார்க்கவில்லை. கதவின் மறு ஓரத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

கதவைச் சுவரோடு பிணைக்கும் கீல்கள். கதவு முழுக்கத் துரு. மரத்தூள் அப்பிக் கிடந்தது. கீல்கள் மட்டும் மாப்பிள்ளைக் கோலத்தில் பளபளவென்று இருந்தன. கீலுக்கு நடுவே செருகியிருந்த ஆணியின் தலையில் சுத்தியல் பட்ட தழும்பு. விரலை வைத்துப் பார்த்தாள். எண்ணெய்.

"ஊரே பூட்டுக்குக் காவல் இருந்துச்சு" என்றாள். "வந்தவங்க முதுகுப் பக்கமா வந்திருக்காங்க. ஆணியைத் தட்டி எடுத்தா, கதவு பூட்டு இருக்கிற பக்கத்துல தொங்கிக்கிட்டே இந்தப் பக்கம் திறந்துக்கும். வேலை முடிஞ்சதும் ஆணியை மறுபடி செருகிடலாம். அரக்குக்கு ஒரு கீறல் விழாது."

"அடப்பாவி!" என்றார் டவாலி. மரக்கடையில் ரம்பம் நின்றது. "சரி மேடம், திருடினவன் ஏன் உட்கார்ந்து எண்ணெய் விட்டுட்டுப் போனான்? சர்வீஸ் சார்ஜ் இல்லாமலா?"

அக்கா சிரிப்பது போல ஏதோ செய்தாள். "அவனேதான். சின்ன வயசுலேருந்தே அப்படி. கிறீச்சுனு எது கத்தினாலும் எண்ணெய் விட்டாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எங்க வீட்டுத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு விட்டு, தைக்கிற துணியெல்லாம் கறை."

திருட வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. துருப்பிடித்த இரும்பைக் கண்டதும் பூட்டுக்காரன் கை பரபரத்திருக்கிறது. லென்ஸுக்கு அந்த முகம் தெரியாத தம்பிமேல் ஒரு கணம் பிரியம் வந்தது. குற்றவாளிகள்மேல் பிரியம் வருவது அவள் தொழிலில் அடிக்கடி வருகிற ஜலதோஷம். தானாகப் போய்விடும்.

இன்னொன்றும் உறைத்தது. அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அவர்கிட்ட முதல்ல என்ன கேட்டீங்க?"

"மாத்திக் குடுடான்னு."

"மாத்திட்டாரே."

அக்கா கீலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு கோடவுன் நிறைய இருந்த கெட்ட பூட்டை எடுத்துட்டு, அத்தனைக்கும் நல்ல பூட்டு வச்சிருக்கார். தன் செலவுல. நீங்க கேட்டது அப்படியே நடந்திருக்கு. 'தப்பு என்னுது'ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்லாம இருக்கறதுக்காக இவ்வளவு பாடு."

"கஞ்சப்பய" என்றாள் அக்கா. "வார்த்தையில கஞ்சன்."

டவாலி தொண்டையைக் கனைத்தார். "மேடம், உருக்கமா இருக்கு. ஆனா மதியம் கோர்ட்டுல கீலைக் கழட்டிக்கிட்டுப் போயா காட்டறது? 'அக்கா கதவு கத்துதேன்னு எண்ணெய் விட்டேன் எசமான், பாசம்'னு அவன் சொன்னா ஜட்ஜே கண்ணைத் துடைச்சுக்குவாரு."

அது நிஜம். கதவு திறந்தது என்று காட்டலாம். உள்ளே முன்பு இருந்தது கெட்ட பூட்டுத்தான் என்று எதை வைத்துக் காட்டுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் சோற்றையும் சேர்த்து மாற்றிவிட்டான். லென்ஸ் எழுந்து, முழங்காலைத் திட்டிவிட்டு, முதன்முறையாகப் பூட்டுப் பக்கம் வந்து பூட்டைப் பார்த்தாள். பெரிய, புத்தம் புதிய பூட்டு.

"இது யார் பூட்டு?"

"தம்பி குடுத்தது. இன்னைக்குக் காலையில சோதனை முடிஞ்சதும், பழசு துருப்பிடிச்சிருச்சு சார், புதுசு போட்டுக்குங்கன்னு கமிஷனர்கிட்ட குடுத்தான்."

"பழசு?"

"அதுவும் அவன் பூட்டுத்தான். அன்னைக்குப் பாருங்க மேடம், பெரிய கூத்து. கமிஷனர் அரக்கு, மெழுகுவத்தி, துணி, முத்திரை எல்லாம் கொண்டுவந்தார். பூட்டு கொண்டுவரல. கடைக்கு ஆள் அனுப்பறேன்னேன். தம்பி முந்திக்கிட்டான். 'கோடவுன் நிறையப் பூட்டு வச்சுக்கிட்டு வெளிய வாங்குவாங்களா சார்'னு பெட்டியைத் திறந்து ஒண்ணை எடுத்து நீட்டினான்."

லென்ஸ் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் கண்ணாடி மூக்கில் ஏறி இறங்கும். டவாலி கவலையாகப் பார்த்தார்.

"எந்தப் பெட்டியிலேருந்து எடுத்தார்?"

"வழக்குல இருக்கிற சரக்..." அக்கா பாதியில் நிறுத்தினாள்.

"வழக்குச் சரக்கை வச்சே வழக்குச் சரக்கைப் பூட்டியிருக்காங்க. உங்க தம்பி சும்மா நீட்டல. அந்தச் சரக்குல எந்தச் சாவி போட்டாலும் திறக்கிற பூட்டு, பிறகு வந்து திறந்துக்கலாம்னு கணக்கு. கமிஷனர் சாவித் துளைமேலயே அரக்கு வைப்பார்னு எதிர்பார்க்கல. அதான் கீல் பக்கம் போக வேண்டியதாச்சு. உள்ள இருந்த அத்தனையையும் மாத்தினார். அந்த ஒண்ணை மட்டும் மாத்த முடியல. ஏன்னா..."

"அதுமேல கோர்ட்டே உட்கார்ந்திருந்துச்சு!" என்று டவாலி முழங்கினார்.

"உள்ளது உள்ளபடி இருந்தது அது ஒண்ணுதான். இன்னைக்குக் காலையில அரக்கு உடைஞ்சதும் அது ஞாபகம் வந்திருக்கு அவருக்கு. புதுசு குடுத்துட்டு அதைக் கழட்ட வச்சுட்டார். இப்ப அந்தப் பழைய பூட்டு எங்க?"

"கமிஷனர் பையில போட்டதைப் பார்த்தேன்."

"கமிஷனர் எங்க?"

டவாலி சூரியனை அண்ணாந்து பார்த்தார். "கோர்ட் கூடறதுக்கு முன்னாடி சின்ன வக்கீலுங்க எல்லாம் ஒரே இடத்துலதான் மேடம். கேன்டீன். இலவசமா யாராவது டீ வாங்கித் தருவாங்களான்னு."

யார் வாங்கித் தருவார்கள் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

கோர்ட் கேன்டீன் ஒரு நீண்ட மண்டபம். நாற்காலி முதுகுகளில் கறுப்புக் கோட்டுகள் காகங்களைப் போலத் தொங்கின. மூவரும் வாசலுக்கு வந்தபோது நடுவில் ஒரு கும்பல் பில் கொடுக்க நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், சுவரோரம், கமிஷனர். மீசை இன்னும் முழுதாகத் தீர்ப்பாகாத இளைஞர். எதிரில் தம்பி. ஒரு நாணயத்தை வைத்து மேசையின் தளர்ந்த திருகாணியை முடுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

பேச்சு கேட்கவில்லை. பார்த்தாலே புரிந்தது. கமிஷனர் பைக்குள் கை விட்டார். துருவேறிய ஒரு பூட்டு வெளியே வந்தது, அதன் கொக்கியில் உடைந்த அரக்கின் துணுக்கு. தம்பி கையை நீட்டினான், ஏதோ பழைய இரும்பை வாங்குகிற அலட்சியத்தோடு.

கும்பலைத் தள்ளிக்கொண்டு போக நேரம் இல்லை.

"டவாலி" என்றாள் லென்ஸ். "கூப்பிடுங்க."

அந்த மனிதர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. ஓய்வு பெற்றவர்களை உலகம் இப்படி அடிக்கடி கேட்பதில்லை. நெஞ்சை நிமிர்த்தினார்.

"பூட்டு வழக்கு! பூட்டு வழக்கு! பூட்டு வழக்கூ! கமிஷனர் ஆஜரா?"

கேன்டீனில் கோட்டு போட்டவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் வாயில் இருந்த பிஸ்கட்டோடு தலை வணங்கினார். கமிஷனர் விறைத்து நின்று, பூட்டைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆஜர் எசமான்!" என்றார்.

தம்பியின் கை காற்றில் நின்றது.

எழுந்தவர்கள் ஏமாந்தது தெரிந்து திட்டிக்கொண்டே உட்காருவதற்குள் லென்ஸ் மேசைக்கு வந்துவிட்டாள்.

"கமிஷனர் சார், நீங்க கட்டிப்பிடிச்சிருக்கிற பூட்டை எந்தப் பெட்டியிலேருந்து எடுத்தீங்க?"

"கோடவுன்ல... அங்க இருந்த பெட்டி... இவர்தான்..." கமிஷனர் பூட்டைப் பார்த்தார். முகத்தில் சட்டம் மெல்ல விடிந்தது. "ஐயோ. இது வழக்குச் சொத்து."

"ஆமாம். அன்னையிலேருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் உங்க முத்திரைக்குள்ளேயே இருந்த ஒரே வழக்குச் சொத்து. இவருக்கு டீக்குப் பதிலா அதைக் குடுக்கப் போறீங்களா?"

"பழைய பூட்டுங்க அது" என்றான் தம்பி. குரல் சாதாரணமாக இருந்தது. கை மட்டும் திருகாணியை வேகமாகத் திருகியது. "துருப்பிடிச்சது. நான் என்ன பண்ணப் போறேன், எடைக்குப் போடுவேன். யார் நீங்க?"

"உங்க அக்கா கூட்டிக்கிட்டு வந்த ஆள். சார், இந்தப் பூட்டுக்கு வேற சாவி ஏதாவது போட்டுப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும், அந்தச் சரக்கு எப்படிப்பட்டதுன்னு."

"வேற சாவிக்கு எங்க போவீங்க?" என்றான் தம்பி சட்டென்று. "திரும்பி வந்த பூட்டு, சாவியெல்லாம் அக்கா தேய்ச்சுக் கெடுத்ததுன்னு ஒதுக்கியாச்சு. கோடவுன்ல இருக்கிற சாவி எதுவும் இதைத் திறக்காது. போட்டுப் பாருங்க."

திறக்காதுதான். அங்கே இருப்பவை எல்லாம் நல்ல சாவிகள். கெட்ட சாவி ஒன்றுகூட இல்லாவிட்டால் இந்தக் கெட்ட பூட்டும் யோக்கியனாகிவிடும்.

அப்போது அக்கா தன் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேய்ந்து, வெள்ளையாகிப்போன சாவி.

காலையில் ஆபீஸில் அக்கா குரலில் விழுங்கி வைத்திருந்தது இதுதான் என்று லென்ஸுக்குப் புரிந்தது.

"இது எது?" என்றான் தம்பி.

"என் வீட்டுச் சாவி. அந்தச் சரக்குல முதல் பூட்டு அக்கா வீட்டுக்குத்தான்னு நீயே வந்து மாட்டிட்டுப் போனியே."

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். நாணயம் கீழே விழுந்து உருண்டது.

"அறிவிருக்காக்கா உனக்கு? அதையா இன்னும் வாசல்ல போட்டு வச்சிருக்க? நீயும் பொண்ணும் தனியா இருக்கீங்க! அந்தச் சரக்குச் சாவி எதை எவன் போட்டாலும் திறந்துக்குமே அது!"

கேன்டீனில் அத்தனை தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

தான் சொன்னது தன் காதில் விழ அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது. விழுந்ததும் மெதுவாக உட்கார்ந்தான். கண் மேசையில் இருந்தது. அத்தனை கீலுக்கும் எண்ணெய் விட்டவன், தன் நாக்குக்கு மட்டும் கொஞ்சம் துருவை விட்டு வைத்திருக்கலாம்.

"இது... இதை நான் ரிப்போர்ட்டுல எழுதணும்ங்க" என்றார் கமிஷனர், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"எழுதுங்க" என்றான் தம்பி.

அக்கா சாவியை எடுத்துத் துருவேறிய பூட்டில் விட்டுத் திருப்பினாள். அது பிகு பண்ணவே இல்லை. தெரிந்தவர் வீட்டுக்கு வந்ததுபோலத் திறந்துகொண்டது. அவள் ஜெயித்துவிட்டாள். லென்ஸ் பழக்கதோஷத்தில் அவள் முகத்தில் வெற்றியைத் தேடினாள். காணவில்லை.

"பழைய சரக்கெல்லாம் என்னடா பண்ண?"

"உருக்கிட்டேன். ஒண்ணு விடாம. வித்திருப்பேன்னு நினைச்சியா?" பிறகு, அதே கோபத்தில், "கெட்டதுன்னு தெரிஞ்சும் நீ ஏன்க்கா வீட்டுப் பூட்டை மாத்தல? கடை நிறைய வேற பூட்டு வச்சிருக்கியே."

"உள்ள தாழ்ப்பாள் இருக்கு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அக்கா திறந்த பூட்டை மூடி மேசைமேல் வைத்தாள். "நீ மாட்டினது. நீ வந்து மாத்துவேன்னு இருந்தேன்."

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சில முகங்களை வெறும் நிறமாகப் பார்ப்பதுதான் மரியாதை. ஹாலில் கிடக்கும் ஒரு தலையணை எதற்கோ ஞாபகம் வந்தது. யார் வந்து யாருக்கு எதை மாற்றித் தருவார்கள் என்று அந்த வீட்டிலும் இரண்டு பேர் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தம்பி தன் பைக்குள்ளிருந்து ஒரு புதிய பூட்டை எடுத்தான். அட்டை பிரிக்காதது. மேசைமேல் வைத்து அக்கா பக்கம் நகர்த்தினான். "இதைப் போட்டுக்க. சாயந்திரம் நான் வந்து மாட்டறேன்."

அக்கா அட்டையைப் பிரித்தாள். பூட்டைக் கையில் எடுத்தாள். தம்பி தந்த புதுச் சாவியை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் தேய்ந்த பழைய சாவியை அதில் விட்டாள். இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்பினாள். அழுத்தினாள். பூட்டு அசையவில்லை. தம்பி பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.

"நல்ல பூட்டுத்தான்டா" என்று சொல்லி, அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

டவாலி லென்ஸின் காதருகே குனிந்தார். அவர் வாழ்நாளிலேயே முதல் முறையாக, அவர் குரல் பக்கத்து மேசைக்குக் கேட்கவில்லை.

"சமாதானம் ஆயிட்டாங்களா மேடம்? இது தீர்ப்பா?"

"இல்ல" என்றாள் லென்ஸ், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "இடைக்கால உத்தரவு."